கம்பம் நட்டால் போதுமா?

ஊருக்கு ஒரு குழாய் வைப்பார்கள், திறப்பு விழா நடக்கும், மாலை விழும், படம் எடுப்பார்கள். மறுமாதம் குழாயில் தண்ணீர் வராது. ஆனால் சர்க்கார் கணக்கில் அந்தக் குழாய் என்றைக்கும் இருக்கும்! கணக்கில் இருக்கும் குழாய் வேறு, தண்ணீர் வரும் குழாய் வேறு என்பது குடம் தூக்கும் தாய்மார்களுக்குத்தான் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அந்தக் குழாயின் கதை, மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் பொது நிலையங்களிலும் நடந்துவிடக் கூடாது என்பதே நமது கவலை.

வாடகைக் கார் ஓட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வண்டி மின்சார வண்டி, கடனில் வாங்கியது, மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும். சென்னையில் சவாரி ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகிறார். விழுப்புரம் நெருங்கும்போது பேட்டரி இறங்கிவிடுகிறது. செல்போனைப் பார்க்கிறார், அருகில் ஒரு நிலையம் தயாராக இருக்கிறது என்று பச்சைப் புள்ளி காட்டுகிறது. போய்ச் சேர்ந்தால் கருவியின் திரை இருண்டு கிடக்கிறது. அடுத்த நிலையத்துக்கு ஓடுகிறார். அங்கே கருவி உயிரோடு இருக்கிறது, பணம் வாங்கும் பாகம் செத்துக் கிடக்கிறது. ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் பேசினால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறதே தவிர, பதில் சொல்ல மனிதர் இல்லை. சவாரி வந்தவர் முகம் சுளிக்கிறார். திரும்பும் சவாரி கைநழுவுகிறது. அன்றைய கூலி போயிற்று!

சொந்த வீடும் கார் ஷெட்டும் உள்ளவருக்கு இந்தத் தொல்லை குறைவு. இரவில் பிளக்கைச் சொருகினால் காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கு, தெருவோரம் வண்டி நிறுத்துபவருக்கு, பொது நிலையம்தான் கதி. ஆகவே இது ஏதோ இயந்திரக் கோளாறு பற்றிய சில்லறை விஷயம் அல்ல. உழைப்பவன் வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

சர்க்கார் பணம் ஒதுக்கவில்லையா? ஒதுக்கியிருக்கிறது. 2023 மார்ச்சில் மத்திய சர்க்கார், ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத் திட்டத்தின் கீழ், 7,432 வேகச் சார்ஜ் நிலையங்கள் அமைக்கப் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் மூன்றுக்கு 800 கோடி ரூபாய் அறிவித்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதை நாம் குறை கூறவில்லை, வரவேற்கிறோம். ஆனால் இது மக்களின் வரிப்பணம். எனவே நாம் கேட்கிறோம்: எத்தனை நட்டோம் என்று கணக்குச் சொல்கிறீர்களே, எத்தனை ஓடுகின்றன என்று கணக்குச் சொல்வது யார்?

கம்பெனிகளே சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 181 பொது வேகச் சார்ஜ் நிலையங்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் நேரில் சென்று, அங்கிருந்த 657 இணைப்புகளைச் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது. தங்கள் கருவிகள் நூற்றுக்கு 95 முதல் 98 வரை ஓடுவதாகக் கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்தன. நேரில் பார்த்தபோது சரியாக வேலை செய்தவை நூற்றுக்கு 72.5 தான்!

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? கருவி தலைமைக் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தால், கம்பெனி ஏட்டில் அது ‘ஓடுகிறது’. கேபிளின் முனை உடைந்திருக்கலாம். பணம் ஏற்காமல் இருக்கலாம். இரண்டு நிமிடம் ஏறிவிட்டு நின்றுபோகலாம். ஓட்டுநர் வெறுங்கையோடு திரும்பியது அந்த ஏட்டில் ஏறுவதில்லை. தேர்வு எழுதியவனே தன் தாளைத் திருத்திக்கொண்டால் வேறு எப்படி இருக்கும்?

இதற்குப் பரிகாரம் சட்டம்தான் என்று பிற நாடுகள் உணர்ந்துவிட்டன. பிரிட்டன் 2023-ல் பொதுச் சார்ஜ் நிலையங்களுக்கு விதிகள் இயற்றியது. 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வேகக் கருவிகள், ஒரு கம்பெனியின் ஆண்டுச் சராசரியில், நூற்றுக்கு 99 பங்கு நேரம் ஓடியாக வேண்டும். இது 2024 நவம்பர் 24 முதல் அமலுக்கு வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசத் தொலைபேசி உதவி வேண்டும். நிலையத்தின் நிலவரத்தை எல்லோரும் அறியத் தர வேண்டும். மீறினால் ஒரு கருவிக்கு 10,000 பவுன் வரை அபராதம். அமெரிக்காவிலோ, மத்திய சர்க்கார் பணத்தில் நெடுஞ்சாலைகளில் அமையும் நிலையங்களுக்கு, ஒவ்வோர் இணைப்பும் ஆண்டில் நூற்றுக்கு 97-க்கு மேல் ஓட வேண்டும் என்று 2023-ல் விதித்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 99 பெரிது, 97 சிறிது என்று மயங்கக் கூடாது. பிரிட்டனின் 99 கம்பெனியின் மொத்தச் சராசரி. நூறு கருவிகளில் தொண்ணூற்றொன்பது குறைவில்லாமல் ஓடி, ஒன்று வருடம் முழுவதும் பிணமாகக் கிடந்தாலும் சராசரி 99 தான்! அந்த ஒன்று எங்கே இருக்கும்? மாநகரத்தின் பெரிய கடைவாசலிலா இருக்கும்? கேட்பாரற்ற சிற்றூரில்தான் இருக்கும். அமெரிக்க விதி ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே கணக்கில் எடுக்கிறது. ஆனால் 97 என்றால் ஆண்டில் ஏறக்குறைய 11 நாள் நின்றுபோக அனுமதி. 99 என்றால் நாலு நாள்கூட இல்லை. நமக்கு வேண்டியது பிரிட்டனின் எண். அமெரிக்காவின் கணக்கு முறை.

‘கரண்ட் போனால் நாங்கள் என்ன செய்வோம்? திருடன் கேபிளை அறுத்தால் நாங்களா பொறுப்பு?’ என்று கம்பெனிகள் கேட்கும். நியாயமான கேள்விதான். கம்பெனியின் கைமீறிய நேரத்தை அமெரிக்க விதி கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது, இங்கேயும் கழிக்கட்டும். ஆனால் கழித்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் எழுதி வைக்க வேண்டும். கரண்ட் போனது மின்வாரியத்தின் குறையென்றால் அதுவும் வெளியே வரட்டும்!

‘கட்டுப்பாடு வந்தால் முதலீடு ஓடிவிடும்’ என்றும் பயமுறுத்துவார்கள். பெட்ரோல் பங்கைப் பாருங்கள். ஆண்டுதோறும் எடையளவு அதிகாரி வந்து பம்ப்பைச் சோதித்து முத்திரை வைக்கிறார். சந்தேகம் இருந்தால், ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இதனால் பெட்ரோல் பங்குகள் மூடிப்போய்விட்டனவா? பெட்ரோல் போடுகிறவனுக்கு உள்ள பாதுகாப்பு, மின்சாரம் போடுகிறவனுக்கு ஏன் இருக்கக் கூடாது?

சார்ஜ் நிலையம் நடத்த லைசென்சு வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2024 செப்டம்பரில் புதிய வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. கதவைத் திறந்துவிட்டது சரி; வீட்டைக் காக்க ஆள் வேண்டாமா? வழிகாட்டுவது வேறு, தவறினால் தண்டிக்கும் சட்டம் வேறு. எனவே நாம் வற்புறுத்துவது இதுதான்:

முதலாவது, ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே நூற்றுக்கு 99 என்ற ஓட்டத்தைச் சட்டமாக்க வேண்டும். தவறினால் அபராதம் வேண்டும்.

இரண்டாவது, கம்பெனியின் ஏட்டை மட்டும் நம்பாமல், சொல்லாமல் வந்து சோதிக்கும் அதிகாரிகள் வேண்டும். சொருகிய வண்டிக்குச் சார்ஜ் ஏறாவிட்டால், அதையும் கோளாறு என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கம்பெனிக்கு ஒரு செயலி என்றில்லாமல், எந்த ஓட்டுநரும் எளிதில் பணம் கட்டும் வழி வேண்டும். தமிழில் பதில் சொல்லும் மனிதர் தொலைபேசியில் வேண்டும்.

நான்காவது, மானியத்தின் கடைசித் தவணையை, கம்பம் நின்றதைப் பார்த்தல்ல, ஓராண்டு ஓடியதைப் பார்த்துத் தர வேண்டும்.

ஐந்தாவது, பழுது பார்க்கப் போதுமான தொழிலாளர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். ஒரே மெக்கானிக்கின் தலையில் நாலு மாவட்டத்தைக் கட்டிவிட்டு 99 கேட்டால், அது அந்தத் தொழிலாளியைக் கொல்லும் சட்டமாகிவிடும். அபராதம் கம்பெனிக்கே தவிர, மெக்கானிக்கின் சம்பளத்துக்கு அல்ல என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இந்தச் சட்டம் தனியார் கம்பெனிக்கும் பொதுத்துறைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பொதுத்துறை நமது சொத்து; ஆகவே அதைத் தட்டிக்கேட்கும் உரிமை நமக்கு அதிகம்.

சர்க்கார் தானாக அசையும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் அவர்கள் செய்தது என்ன? நேரில் போனார்கள், சொருகிப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். அதை நம் தோழர்களும் செய்யலாம். ஆட்டோ, கார் ஓட்டுநர் சங்கங்கள் ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணி, ஏறியதா இல்லையா என்று நாலு விவரம் போதும். ஒரு மாதம் எழுதி, கலெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பிரதியை நமக்கு அனுப்புங்கள்.

சர்க்காரின் ஏட்டில் கம்பங்கள் இருக்கின்றன. தொழிலாளியின் ஏட்டில் உண்மை இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாட்டுக்குக் காட்டுவோம்!