பழைய ஆட்டத்துக்குப் புது உயிர்!

பழைய துணிக்குச் சாயம் ஏற்றி, புதுத் துணி என்று ஒரு வியாபாரி விற்றால், ஊர் என்ன சொல்லும்? "மோசடி" என்று சொல்லும்.

அதே வியாபாரி, பழைய துணியை வாங்கியவரைத் தேடிப் போய், அதில் இருந்த கிழிசலைத் தைத்துக் கொடுத்து, "கூலி வேண்டாம்" என்று சொல்லி விட்டு வந்தால்? "இப்படியும் ஒரு வியாபாரியா!" என்று மூக்கில் விரலை வைப்பார்கள்.

வீடியோ விளையாட்டு வியாபாரத்தில் இந்த இரண்டு வகையும் உண்டு. முதல் வகை அதிகம். இரண்டாம் வகை அபூர்வம்.

2020-ம் ஆண்டின் கடைசியில், ஜப்பான் கம்பெனி ஒன்று இரண்டாம் வகைக் காரியத்தைச் செய்தது. அந்தக் கம்பெனியின் பெயர் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ். யோகஹாமா நகரத்தில் இருக்கிறது. கிழிசல் தைக்கப்பட்ட ஆட்டத்தின் பெயர், "கில்டி கியர் எக்ஸ் எக்ஸ் அக்சென்ட் கோர் பிளஸ் ஆர்".

பெயர் நீளமானது. ஆடுகிறவர்கள் "பிளஸ் ஆர்" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

என்ன ஆட்டம்?

இது ஒரு சண்டை விளையாட்டு. திரையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருவரை நீங்கள் ஆட்டி வைப்பீர்கள். இன்னொருவரை உங்கள் எதிராளி ஆட்டி வைப்பார். அடிக்கலாம், தடுக்கலாம், தாவலாம். யாருடைய பலம் முதலில் தீர்ந்து போகிறதோ, அவர் தோற்றவர்.

ஆட்டத்தில் மொத்தம் 25 வீரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு தினுசு. மே என்னும் சிறு பெண், கப்பலின் நங்கூரத்தைத் தூக்கிச் சுழற்றுவாள். பாஸ்ட் என்னும் வைத்தியர், தலையில் காகிதப் பையை மாட்டிக் கொண்டு, ஆள் உயரக் கத்தியோடு வருவார்.

இந்த வரிசையில் முதல் ஆட்டம் 1998-ம் ஆண்டு வெளிவந்தது. அதை உருவாக்கியவர் டைசுகே இஷிவாதாரி. கதையை அமைத்து, படங்களை வரைந்து, இசையும் அமைத்தவர் அவர்.

"எக்ஸ் எக்ஸ்" என்னும் ஆட்டம் 2002-ல் வந்தது. பிறகு அதையே திருத்தித் திருத்தி 2003, 2005, 2006, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார்கள். ஆக, பத்து ஆண்டுகளில் ஒரே ஆட்டத்துக்கு ஆறு பிறவி! கடைசிப் பிறவிதான் பிளஸ் ஆர். அது 2015-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

மறுபதிப்பு வியாபாரம்

ஒரே ஆட்டத்தைப் பல தடவை விற்பது இந்தக் கம்பெனி கண்டுபிடித்த வித்தை அல்ல. காப்காம் என்னும் இன்னொரு ஜப்பான் கம்பெனி, 1991-ல் "ஸ்ட்ரீட் பைட்டர் 2" என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. உலகம் முழுவதும் அது சக்கைப்போடு போட்டது. 1994-க்குள் அதே ஆட்டத்தின் ஐந்து பதிப்புகள் வந்து விட்டன. விளையாட்டுக் கூடம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் பணம் போட வேண்டியிருந்தது.

அந்தப் பதிப்புகளில் மாறுதலே இல்லை என்று சொல்ல முடியாது. புதிய வீரர்கள் வந்தார்கள். ஆட்டத்தின் வேகம் கூடியது. ஒரு வீரனுக்கு அளவு மீறிய பலம் இருந்தால், அதைக் குறைத்தார்கள்.

ஆனால், கூடத்தில் ஆடிய ஆட்டத்தை இன்டர்நெட் மூலம் ஆடக் கொடுத்தபோது ஒரு பெரிய கோளாறு வந்து சேர்ந்தது. அந்தக் கோளாறுக்குப் பெயர் தூரம்.

அறுபதில் ஒரு பங்கு

சண்டை விளையாட்டில் வினாடிக்கு 60 படங்கள் திரையில் ஓடுகின்றன. எதிராளி ஓங்கிய கையைப் பார்த்து, அது மேலே விழுவதற்குள் தடுக்க வேண்டும். சில அடிகளைத் தடுக்கக் கிடைக்கும் நேரம் கண் இமைக்கும் நேரம்தான். ஒரு படம் தவறினால் ஆட்டமே தவறிப் போகலாம்.

இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் கவலை இல்லை. ஒருவர் டோக்கியோவிலும், இன்னொருவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலும் இருந்தால்?

இடையில் உள்ள தூரம் ஏறக்குறைய 8,800 கிலோ மீட்டர். கடலுக்கு அடியில் கண்ணாடி இழைக் கம்பி போகிறது. அதற்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் போனாலும், ஒரு செய்தி போய்ச் சேர்வதற்குள் திரையில் இரண்டு, மூன்று படங்கள் ஓடி விடும். கம்பி நேர்கோட்டில் போவதில்லை. ஆகவே உண்மையில் இன்னும் அதிக நேரம் ஆகும்.

பழைய முறையில் என்ன செய்தார்கள்? எதிராளி எந்தப் பொத்தானை அழுத்தினார் என்ற செய்தி வந்து சேரும் வரை, கம்ப்யூட்டர் காத்திருக்கும். அதுவரை, நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் உங்கள் வீரன் அசைய மாட்டான். செய்தி வருவது மேலும் தாமதமானால், திரை அப்படியே நின்று விடும்.

2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த பிளஸ் ஆர் ஆட்டமும் இந்த முறையில்தான் ஓடியது. கிழிசல் என்பது இதுதான்.

நோயும் மருந்தும்

இந்த நோய்க்கு மருந்து பிறந்த கதை சுவையானது.

2006-ல் ஸ்ட்ரீட் பைட்டர் 2 ஆட்டத்தின் ஒரு பதிப்பை, எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் வீட்டு எந்திரத்துக்கு மறுபடியும் வெளியிட்டார்கள். இன்டர்நெட் மூலம் ஆடலாம் என்றார்கள். ஆடிப் பார்த்தவர்கள் நொந்து போனார்கள். அவ்வளவு தாமதம்.

அப்படி நொந்தவர்களில் ஒருவர், அமெரிக்காவைச் சேர்ந்த டோனி கேனன். அவரும் அவருடைய இரட்டைச் சகோதரர் டாம் கேனனும், "எவோ" என்னும் பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியைத் தொடங்கியவர்களில் இருவர். டோனி கேனன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிந்தவர். குறை சொல்லி விட்டுச் சும்மா இருக்கவில்லை. தாமே உட்கார்ந்து ஒரு புதிய முறையை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் "ஜி.ஜி.பி.ஓ.". நல்ல ஆட்டம், போய் வருகிறேன் என்னும் பொருள் கொண்ட ஆங்கிலப் பேச்சின் முதல் எழுத்துகள் அவை.

அந்த முறையை, ஆடுகிறவர்கள் "ரோல்பேக்" என்று சொல்கிறார்கள். பின்னோக்கிப் போய்த் திருத்துவது என்று பொருள்.

எப்படித் திருத்துகிறது? ஒரு வீட்டுக் காரியத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் தினமும் இரவு 8 மணிக்கு வருவார். அவர் வாசலில் கால் வைத்த பிறகுதான் உலை வைப்பது என்றால், சாப்பாட்டுக்கு நேரம் ஆகும். வழக்கம்போல வருவார் என்று நம்பி முன்பே சமைத்து வைத்தால், வந்ததும் இலை போட்டு விடலாம். என்றைக்காவது அவர் விருந்தாளியோடு வந்து நின்றால், இன்னும் ஓர் ஆழாக்கு அரிசி போட வேண்டியதுதான்.

ரோல்பேக் முறையில் கம்ப்யூட்டர் செய்வதும் இதுதான். அது எதிராளியின் செய்திக்காகக் காத்திருப்பதில்லை. "சற்று முன் என்ன செய்து கொண்டிருந்தாரோ, அதையே செய்கிறார்" என்று யூகித்து, ஆட்டத்தை மேலே நடத்துகிறது. பெரும்பாலும் யூகம் பலித்து விடும். ஏனென்றால், ஒரு வினாடியில் 60 படங்கள் ஓடினாலும், மனிதனுடைய விரல் சில தடவைதான் அசைகிறது.

யூகம் பலிக்காவிட்டால், கம்ப்யூட்டர் இரண்டு, மூன்று படங்கள் பின்னோக்கிப் போகிறது. தவறைத் திருத்துகிறது. விட்ட இடத்துக்குத் திரும்ப ஓடி வருகிறது. எல்லாம் அறுபதில் ஒரு பங்கு வினாடிக்குள்! ஆடுகிறவர் கண்ணுக்கு ஒரு சிறு துள்ளல் தெரியும். பல சமயம் அதுவும் தெரியாது.

2019-ல் டோனி கேனன் இன்னொரு காரியமும் செய்தார். தம்முடைய முறையை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம் என்று பகிரங்கமாக வெளியிட்டு விட்டார்.

கூடங்கள் மூடின

மறு ஆண்டே கொரோனா வந்தது. விளையாட்டுக் கூடங்கள் மூடப்பட்டன. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில், அந்த ஆண்டு கூட வேண்டிய எவோ போட்டி கூடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மண்டபத்தில் தோளோடு தோள் உரசி நின்று பார்க்கும் போட்டி அது.

அதுவரை தாமதத்தைச் சகித்துக் கொண்டவர்கள் உண்டு. "வார இறுதியில் நண்பன் வருவான், நேரில் ஆடிக் கொள்ளலாம்" என்று இருந்தவர்கள் அவர்கள். இனி நேரில் ஆடவே முடியாது என்றபோதுதான், கோளாறின் முழு அளவும் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ், பிளஸ் ஆர் ஆட்டத்தைக் கையில் எடுத்தது. 2002-ல் பிறந்த ஆட்டத்துக்குள், ரோல்பேக் முறையைப் பொருத்தியது. அக்டோபரில் சோதனை பார்த்து, ஆண்டு முடிவதற்குள் எல்லோருக்கும் கொடுத்து விட்டது. ஏற்கனவே கம்ப்யூட்டரில் ஆட்டத்தை வாங்கியிருந்தவர்கள், ஒரு காசு கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இது சுலபமான வேலை அல்ல. குடியிருக்கும் பழைய வீட்டில், சுவரை இடிக்காமல் மின்சாரக் கம்பி இழுப்பது போன்ற வேலை. ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு பலம் மிச்சம் என்ற அத்தனை விவரத்தையும் படத்துக்குப் படம் நினைவில் வைக்க வேண்டும். வேண்டிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த நாளில் புரோகிராம் எழுதியவர்கள் இதை எண்ணி எழுதவில்லை.

இவ்வளவு பாடு தேவையா?

"பழைய ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? புதியது ஒன்று செய்து விற்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். வியாபாரக் கணக்குப் பார்த்தால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பழைய ஆட்டம் நன்றாக ஓடினால், புதியதை யார் வாங்குவார்கள் என்ற அச்சமும் கம்பெனிக்கு இருக்கும்.

ஆனால், ஆடுகிறவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தைக் கற்றுத் தேற ஆண்டுகள் பிடிக்கும். விரலுக்கு வந்த வித்தை, புத்தகத்தில் எழுதி வைக்க முடியாதது. எதிராளி கிடைக்காவிட்டால் அந்த வித்தை பாழ். இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ஊருக்கு ஒருவர், இருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து வைப்பது இன்டர்நெட் ஒன்றுதான். அந்தப் பாதையைச் செப்பனிட்டால், ஆட்டம் பிழைக்கும். செப்பனிடாவிட்டால், ஆட்டம் பெட்டிக்குள் கிடக்கும். ஆடத்தான் ஆள் இராது.

கம்பெனிக்கும் நஷ்டம் இல்லை. 2021 ஜூன் மாதம், "கில்டி கியர் ஸ்டிரைவ்" என்னும் புதிய ஆட்டம் வெளிவந்தது. அதில் ரோல்பேக் முதல் நாளிலிருந்தே இருந்தது. "பழையதையே சரி செய்து கொடுத்தவர்கள், புதியதில் குறை வைப்பார்களா?" என்ற நம்பிக்கை, எந்த விளம்பரத்தையும் விடப் பெரிய விளம்பரம் அல்லவா?

ரோல்பேக் சர்வரோக நிவாரணி அல்ல. தூரம் மிகவும் அதிகமானால், யூகங்கள் தவறி, வீரர்கள் இங்கும் அங்கும் குதிப்பது போலத் தெரியும். வீட்டு இணைப்பு தள்ளாடினாலும் அப்படித்தான். காற்றில் வரும் இணைப்பை விட, கம்பியில் வரும் இணைப்பு இதற்கு நல்லது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

பழைய ஆட்டம் புதுப் பெயரோடு விற்பனைக்கு வருவது ஓயப் போவதில்லை. வீட்டில் பையனோ, பெண்ணோ "இதை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால், பெற்றோர்கள் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். அந்த வயதுக்கு ஏற்ற ஆட்டமா? பழைய பதிப்பில் இருந்த எந்தக் குறையைத் திருத்தியிருக்கிறார்கள்? முன்பே வாங்கியவர்களுக்கு அந்தத் திருத்தம் கிடைக்குமா, அல்லது மறுபடியும் முழுப் பணம் கேட்கிறார்களா?

"படம் பளபளப்பாக இருக்கிறது" என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. பளபளப்பு ஒரு வாரம் இருக்கும். பிறகு ஆட்டம்தான் மிஞ்சும்.

மறுபதிப்பு போடுவது குற்றம் அல்ல. நல்ல பொருளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போகும் வழி அது. குறையை அப்படியே வைத்துக் கொண்டு, மேலே சாயம் பூசுவதுதான் குற்றம்.

2006-ல் ஒரு மோசமான மறுபதிப்பு வந்தது. அதைக் கண்டு நொந்தவர் மருந்து கண்டுபிடித்தார். 2020-ல் அந்த மருந்து, 18 ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த ஓர் ஆட்டத்தை எழுப்பி உட்கார வைத்தது. மற்றக் கம்பெனிகளின் அலமாரியிலும் பழைய ஆட்டங்கள் தூங்குகின்றன. சாயத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அவர்கள் ஊசியையும் நூலையும் எடுக்கட்டும்!