போகும் வழியும் திரும்பும் வழியும்

சென்ற பெரும்போக அறுவடை முடிந்த கையோடு சாகாமத்து விவசாயி ஒருவர் எம்மிடம் வந்தார். பையிலிருந்து வயலுறுதியை எடுத்து மேசைமீது வைத்து, "இதை ஈடு வைக்க வேண்டும் ஐயா, உறுதி எழுதித் தாருங்கள்" என்றார். காரணம் வினவினோம். நெடுநேரம் சொல்லவில்லை. பின்னர் சொன்னார். மகன் என்று வளர்த்த பிள்ளை தான் மகளே என்று உறுதியாய் நிற்கிறது. வயது இருபத்து நான்கு. தாய்லாந்து சென்று சத்திர சிகிச்சை செய்துகொள்ள விரும்புகிறது. முகவர் ஒருவர் இருபத்தொரு நாளில் யாவும் முடித்துத் தருவதாகக் கூறி முற்பணம் கேட்டிருக்கிறார். இவ்வளவும் கூறிவிட்டு அந்தத் தகப்பன் கேட்ட கேள்வி ஒன்றே: "போனால் பிள்ளை சுகமாகத் திரும்பி வருமா?"

அன்று நாம் ஈட்டுறுதி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை விளக்கவே இக்கட்டுரை. இத்தகைய பிள்ளைகள் சாகாமத்தில் மட்டுமா இருக்கின்றனர்? கல்முனையிலும் மருதமுனையிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும், தமிழ்க் குடும்பத்திலும் முஸ்லிம் குடும்பத்திலும் இருக்கவே செய்கின்றனர். இருப்பது தெரியாதது போல நடந்துகொள்வதையே நாம் நாகரிகம் என எண்ணி வந்திருக்கிறோம்.

இதற்காகக் கடல் கடப்பது புதியதுமன்று. அமெரிக்க இராணுவத்தில் சேவை செய்த கிறிஸ்டீன் ஜோர்கென்சன் 1950 ஆம் ஆண்டு டென்மார்க்குக்குச் சென்று, அங்கே ஓமோன் மருத்துவமும் சத்திர சிகிச்சையும் பெற்று, 1953 இல் நியூயோர்க் திரும்பினார். மூன்றாண்டு காலம் அங்கே தங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் ஐரோப்பியர் பலர் மொரோக்கோ நாட்டின் காசாபிளாங்காவில் ஜோர்ஜ் பூரூ என்னும் பிரெஞ்சு மருத்துவரை நாடிச் சென்றனர். தாய்லாந்தில் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய இச்சிகிச்சை இன்று பெருந்தொழிலாகிவிட்டது. ஆயினும் 2009 இல் அந்நாட்டு மருத்துவ சபை விதி வகுத்தது: மனநல மருத்துவரின் மதிப்பீடு வேண்டும், இருபது வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பதினெட்டுக்குக் குறைந்தவருக்குச் செய்யலாகாது. கடிதம் ஏதும் வேண்டாம், பணம் மட்டும் போதும் என்று சொல்லும் முகவர் அந்நாட்டுச் சட்டத்தையே அறியாதவர். அல்லது அறிந்தே மறைப்பவர்.

முதலாவது, பத்திரங்கள். அப்பிள்ளையின் கடவுச்சீட்டில் ஆண்பெயர், ஆண் என்ற குறிப்பு, மீசையரும்பிய பழைய படம். இந்தக் கடவுச்சீட்டோடு போய், உருவம் மாறித் திரும்பினால் குடிவரவு மேசையில் என்ன நிகழும்? 2016 ஆம் ஆண்டு சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் வெளியிட்ட சுற்றுநிருபங்கள் இதற்கு வழி வகுத்துள்ளன. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் மனநல மருத்துவ நிபுணரிடமிருந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயரையும் பாலையும் மாற்றலாம். பிறகு அடையாள அட்டை, அதன் பிறகு கடவுச்சீட்டு. சத்திர சிகிச்சை முடிந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது பிழை, அறுவை செய்யாதவர்களும் அதைப் பெற்றிருக்கின்றனர். ஆகவே சான்றிதழ் முதலில், பயணம் பின்னர் என்பதே ஒழுங்கு. மாதக்கணக்காகும், ஆகட்டும்.

இங்கே அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. மனத்தை மதிப்பிடும் பரிசோதனை ஒருவரின் தாய்மொழியிலன்றி வேறெதில் நடத்தல் தகும்? சிறுவயது முதல் உள்ளத்துள் புதைத்து வைத்ததை, அரைகுறையாகத் தெரிந்த மொழியில், மொழிபெயர்க்க வந்த சிற்றூழியர் முன்னிலையில் சொல் என்றால் எவர் சொல்வார்? 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த உரிமை நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் மட்டும் உரியதன்று. மருத்துவரின் அறைக்கும் உரியதே.

இரண்டாவது, சட்டம் பற்றிய அச்சம். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளைக் காட்டி, சிகிச்சை செய்தவரைப் பொலிசார் பிடிப்பர் என மிரட்டுவோர் உளர். அப்பிரிவுகளைத் துன்புறுத்தலுக்குப் பயன்படுத்தி வந்திருக்கின்றனர் என்பது மெய். ஆனால் அவை மருத்துவத்தைப் பற்றியவை அல்ல. உரிய வயதினர் தம் முழுச் சம்மதத்தோடு, தகுதி பெற்ற மருத்துவரிடம், தம் நன்மைக்காகச் செய்துகொள்ளும் சத்திர சிகிச்சை குற்றமாகாது. மாறாக, தகுதியற்றவன் ஒருவன் பின்னறையில் கத்தி எடுப்பானாயின், ஆண்மையழித்தலைக் கொடுங்காயம் என்று அதே சட்டக்கோவை வகுத்திருக்கிறது. காவல் வேண்டுவது எங்கே என்பது தெளிவு.

மூன்றாவது, நாடு. தாய்லாந்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகலாகாதா என்று அத்தகப்பன் கேட்டார். நல்ல கேள்வி. மொழி நம்முடையது, கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஒன்றேகால் மணி நேர அளவே. 2008 இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த தமிழ்நாட்டு அரசு, அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சையை இலவசமாகவும் செய்கிறது. ஆனால் அந்த இலவசம் அம்மாநிலத்தாருக்கு உரியது. நம்மவர் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டும். மருத்துவமனையின் கடிதத்தோடு மருத்துவ விசா பெற வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ப் படுத்துக்கொள்வது வம்பை விலைக்கு வாங்குவதாகும். உடன் செல்லும் துணையாளர் விசா நெருங்கிய இரத்த உறவினர் இருவருக்கே உரியது. வீட்டார் கைவிட்ட பிள்ளைக்கு இந்த விதி எத்தகைய கொடுமையென்று டெல்லியில் எவரேனும் எண்ணினரோ, அறியோம்.

அங்கும் எல்லோருக்கும் வழி எளிதாக இருந்ததில்லை. லிவிங் ஸ்மைல் வித்யா 2007 இல் வெளிவந்த 'நான் வித்யா' என்னும் தம் வரலாற்றில், ரயிலேறிக் கடப்பைக்குச் சென்று அறுவை செய்துகொண்டு, புண் ஆறுமுன்னரே மீண்டும் ரயிலேறித் திரும்பியதை எழுதியிருக்கிறார். திருநம்பியரோ திருநங்கையரோ, பயணத்துக்குப் பணம் சேர்க்கும் எவரும், அவர்தம் பெற்றோரும் அதைப் படித்தல் நன்று.

நாம் அதிகம் பேசியது திரும்பி வரும் வழியைப் பற்றியே. முகவரின் கணக்கில் இருபத்தொரு நாள் என்பது விமானச் சீட்டின் கணக்கு, உடம்பின் கணக்கன்று. பெண்ணுறுப்பு அமைக்கும் சிகிச்சையெனில் மருத்துவமனையில் ஒரு வாரமளவு கிடக்க வேண்டும். சிறுநீர்க்குழாய் எடுத்த பின்னரும் மருத்துவரின் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று, நான்கு வாரம் தங்க வேண்டும். குருதிப்பெருக்கும் கிருமித்தொற்றும் சிறுநீர் அடைப்பும் நேர்வது இக்காலத்திலேதான். அமைத்த வழி சுருங்காதிருக்கக் கருவி கொண்டு நாள்தோறும் பலமுறை விரிக்கும் பயிற்சி மாதக்கணக்கில் உண்டு. அதற்குத் தனியறையும் சுத்தமான நீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது. வயல்வேலைக்கு மூன்று மாதமேனும் ஆகும். சாகாமக் குளத்தில் இறங்கிக் குளிப்பதை மருத்துவர் சொல்லும்வரை மறந்துவிட வேண்டும். புகைப்பவர் பல வாரம் முன்னரே விட வேண்டும். ஓமோன் மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைச் சத்திர சிகிச்சை நிபுணரே சொல்ல வேண்டும், தோழியர் சொல்லக்கூடாது.

பாங்கொக்கிலிருந்து கொழும்புக்கு மூன்றரை மணி நேரம் பறப்பதை எல்லாரும் அஞ்சுகின்றனர். நாம் அஞ்சுவது கொழும்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வரும் இரவுப் பேருந்தையே! இரவு முழுதும் ஒரே ஆசனத்தில், புண்மீது அமர்ந்து, கால் நீட்ட இடமின்றி வருவதில் வலி மட்டுமன்று ஆபத்து. கால் நரம்பில் குருதி உறைந்து நெஞ்சுக்கு ஏறினால் உயிரே போகும். கொழும்பில் சில நாள் தங்கி, படுத்துவர இடமுள்ள வாகனம் பிடித்து, இடையிடையே இறங்கி நடந்து வர வேண்டும். அந்தச் செலவு முகவரின் பட்டியலில் இல்லை. துணையாளரின் செலவு இல்லை. சிக்கல் நேர்ந்தால் மேலும் இரு வாரம் தங்கும் செலவு இல்லை. உழைக்காத மாதங்களின் சாப்பாட்டுச் செலவும் இல்லை. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது வயல் முழுவதையும் ஈடு வைத்தாலும் போதாதெனக் கண்டோம்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை நம் பகுதியில் வெள்ளம். வட்டைப் பாதைகள் நீரில் கிடக்கும்போது திடீரெனக் காய்ச்சல் கண்டால் எப்படித் தூக்கிச் செல்வது? போகுமுன்னரே திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ உள்ள ஆதார வைத்தியசாலையில் ஒரு சத்திர சிகிச்சை நிபுணரைக் கண்டு, இன்ன சிகிச்சைக்குப் போகிறோம், இன்ன மாதம் திரும்புவோம் என்று சொல்லி வைத்தல் நன்று. செய்த அறுவையின் முழு விவரக் குறிப்பையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வர வேண்டும். அக்குறிப்பின்றி வரும் நோயாளி முன் உள்ளூர் மருத்துவர் என்ன செய்வார்?

இவ்வளவு சுமையும் ஓர் ஏழை விவசாயியின் தோளில் ஏன் விழ வேண்டும் என்பதே எம் வழக்கு. சான்றிதழ் வழங்கும் அரசு, அச்சான்றிதழ் எந்த மருத்துவத்தை ஒட்டியதோ அந்த மருத்துவத்தைத் தன் ஆஸ்பத்திரிகளில் ஒழுங்காக நடத்தக் கடமைப்பட்டது. சில அறுவைகள் இங்கும் நடைபெறுகின்றன. ஆனால் கிழக்குக் கரையிலிருப்பவருக்கு அவை எட்டாக்கனி. ஈரானில் இத்தகைய சிகிச்சைக்கு அரசே உதவுகிறது என்று எம் முஸ்லிம் நண்பர்கள் எடுத்துக் காட்டுவர். உண்மை, ஆயினும் ஒருபாற் காதலுக்கு மரண தண்டனை விதிக்கும் அந்நாட்டில், விரும்பாதவரையும் கத்திக்கு அனுப்பும் நெருக்குதல் உண்டு. விரும்பியவருக்கு வசதி, விரும்பாதவருக்குக் கட்டாயமின்மை. இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

"வயலை இதற்காக இழக்கத்தான் வேண்டுமா?" என்று நாம் கேட்டபோது அத்தகப்பன் சொன்ன விடையை இங்கே குறித்தாக வேண்டும். "மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காத தகப்பன் இந்தக் கரையிலே உண்டா, ஐயா? மூத்தவளுக்குக் கட்டினேன். இவளுக்கு இது."

வயலில் ஒரு ஏக்கரை மட்டும் இரு போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பதென முடிவாயிற்று. முகவருக்கு முற்பணம் கொடுக்கவில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது, பயணம் அடுத்த பெரும்போக அறுவடைக்குப் பின். தமக்கை உடன் செல்கிறாள். சென்ற கிழமை அவர் மீண்டும் வந்தார். குந்தி இருக்கும் மலசலகூடத்தை நாற்காலிபோல் அமரும் வகைக்கு மாற்ற மேசன் என்ன கேட்பான் என்று விசாரித்துப் போனார்.