பள்ளி வேண்டாமா?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் நம் நாட்டுப் பெருநகரங்களில் சிலர் இருக்கின்றனர். குழந்தை இயல்பாகவே கேள்வி கேட்கும் பிராணி. பள்ளியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே அது கேட்பதை நிறுத்திவிடுகிறது. அப்புறம் மனப்பாடம், மதிப்பெண், இவைதாம் மிச்சம் என்பது அவர்கள் கட்சி. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. 14 வயது நிரம்பியவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆகவே வழி அடைபட்டுக் கிடக்கவில்லை.

நம் விடுதியில் இந்தப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் உடனே இரவீந்திரநாத தாகூரைச் சாட்சிக்கு அழைத்து விடுகிறார். “தாகூர் எந்தப் பள்ளியில் படித்துக் கவிஞரானார்?” என்று கேட்டுவிட்டு, வழக்கு முடிந்தது போல் எழுந்தும் விடுகிறார். அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போமே!

தாகூர் கல்கத்தாவில் பல பள்ளிகளில் சேர்ந்தார், ஒன்றிலும் நிலைக்கவில்லை. மெய்தான். ஆனால் வீட்டில் என்ன நடந்தது? அண்ணன் ஹேமேந்திரநாத் வகுத்த திட்டப்படி, பொழுது புலரும் முன்னே மற்போர்ப் பயிற்சி. பிறகு கணக்கு, வரலாறு, பூகோளம், இலக்கியம். மாலையில் சித்திரம், உடற்பயிற்சி. விளக்கேற்றியதும் ஆங்கிலம். பையன் புத்தகத்தின் மேல் தூங்கி விழுந்தான் என்றால் வியப்பு என்ன? ஆங்கிலம் கற்பித்தவர் அகோர் பாபு என்ற மருத்துவக் கல்லூரி மாணவர். அவருக்கு நோய் நொடி வந்ததே இல்லை என்று தாகூர் தம் நினைவுக் குறிப்புகளில் வருத்தத்தோடு எழுதுகிறார்! கனமழை கொட்டி, தெருவில் முழங்காலளவு நீர் நிற்கும் மாலையில், “இன்று வரமாட்டார்” என்று சிறுவன் மகிழ்ந்திருக்கும் போதே, சந்து முனையில் அந்தக் கறுப்புக் குடை தோன்றிவிடுமாம்.

ஆக, வீடு என்பதனாலேயே அங்கே விடுதலை குடியிருப்பதில்லை. பள்ளியின் பிரம்பு வீட்டுக்குள்ளும் குடை பிடித்துக்கொண்டு வரும்.

அதே சிறுவனை 1873-இல் தந்தை தேவேந்திரநாதர் இமயமலைக்கு அழைத்துச் சென்றார். வழியில் போல்பூரில் சில நாள் தங்கினர். பையன் கூழாங்கல் பொறுக்கித் திரிந்தான். ஒரு பள்ளத்தில் தெளிந்த நீர் ஊறி ஓடக் கண்டு, தந்தையிடம் ஓடி வந்து, குளிக்கவும் குடிக்கவும் அங்கிருந்தே நீர் எடுக்கலாமே என்றான். அவர் சிரித்து அனுப்பிவிடவில்லை. அன்று முதல் அந்த ஊற்றிலிருந்தே நீர் கொண்டு வரும்படி ஏவினார். தம் பொற்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டார். அவன் ஆர்வ மிகுதியால் முறுக்கிய முறுக்கில் கடிகாரம் பழுது பார்க்கக் கல்கத்தாவுக்குப் போயிற்று. செலவுக் கணக்கையும் ஒப்படைத்தார். ஒருநாள் இருக்க வேண்டியதைவிடக் கையிருப்பு கூடுதலாக இருந்தது. உன்னையே காசாளராக வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறதே என்று வேடிக்கை பேசினாரே தவிர, கடிந்துகொள்ளவில்லை. மலைக்குப் போனதும் வடமொழியும் ஆங்கிலமும் பாடமாயின. வானத்து மீன்களைக் காட்டி வானநூலும் சொல்லித் தந்தார்.

இங்கே எனக்குப் பெரிதாகப் படுவது வானநூல் அன்று, அந்தக் குடிநீர். பிள்ளை கண்டுபிடித்த ஒன்றைப் பெரியவர் ஒருவர் மெய்யாகவே பயன்படுத்திக்கொண்டார். எத்தனை வீட்டில் இது நடக்கிறது?

எத்தனை வீட்டில் நடக்க முடியும் என்றும் கேட்க வேண்டும். தேவேந்திரநாதர் ஜமீன்தார். மாதக்கணக்கில் மகனோடு மலையில் தங்க அவருக்குப் பொருளும் இருந்தது, பொழுதும் இருந்தது. தமிழராகிய நமக்கோ வீட்டில் கற்பது என்ற சொல்லே வேறொரு நினைவைக் கிளறுகிறது. 1953-இல் இராஜாஜி அமைச்சரவை சென்னை மாநிலக் கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. செயல்வழிக் கல்வி என்று அதற்கு நியாயம் சொன்னவர்கள் இருந்தார்கள். குயவன் மகன் குயவனாகவே நிற்பதற்கா பள்ளி என்று நாடே கொதித்தது. குலக்கல்வி என்ற பெயர் நிலைத்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவு வந்தது; மாடு மேய்த்த பிள்ளை தட்டேந்திப் பள்ளிக்குள் வந்தான். நம் சங்கத்தில் தாய் தந்தை இருவரும் கல்லூரி கண்டவர்கள் எத்தனை பேர்? கை தூக்கினால் தெரிந்துவிடும். வீட்டோடு நின்றிருந்தால் நம்மில் பாதிப்பேர் இந்த வளாகத்தின் வாயிலைக்கூடப் பார்த்திருக்கமாட்டோம்.

தாகூரே தம் பிள்ளைகளுக்கு ஷிலைதாவில் வீட்டில்தான் கல்வி தொடங்கினார். லாரன்ஸ் என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்தினார். அதோடு அவர் நிற்கவில்லை. 1901-இல் போல்பூரில், தாம் கூழாங்கல் பொறுக்கிய அதே மண்ணில், மூத்த மகன் ரதீந்திரநாதன் உட்பட ஐந்தே மாணவர்களோடு சாந்திநிகேதனப் பள்ளியைத் திறந்தார். பள்ளியை வெறுத்து ஓடியவர் பள்ளி வைத்தார்! தம் தந்தை தமக்குத் தந்ததை ஊரார் பிள்ளைக்கும் தர வேறு வழி இல்லை. சாட்சியை அழைத்த நண்பர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? கைச்செலவுக்காக மாலையில் டியூஷன் சொல்லித்தரும் நண்பர்கள் நம்மில் குறைவில்லை. நாம்தாம் இன்றைய அகோர் பாபுக்கள். நம் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே ஒரு முகம் வாடுகிறது. அந்த அகோர் பாபுவும் ஒரு நாள் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே மனிதக் குரல்வளை! பேசுவது முழு மனிதன் அல்லவா, இந்தத் துண்டா பேசுகிறது என்று சிறுவன் திகைத்துப் போனான். எத்தனையோ மாலை ஆங்கிலம் நடத்தியிருப்பார். தாகூர் முதுமை வரை மறவாதது பொட்டலத்தைத்தான்.

டியூஷன் மணியில் கடைசிக் கால்மணியைப் பிள்ளைக்கு விட்டுவிடலாம் என்பது என் யோசனை. அவன் கொண்டு வருவது வண்டாக இருக்கட்டும், உடைந்த ரேடியோவாக இருக்கட்டும், அன்றைய பாடம் அதுதான். நமக்குத் தெரியாததைக் கேட்டால் இருவருமாக நூலகத்தில் தேடலாம். இதற்குமா பணம் தருகிறோம் என்று பெற்றோர் கேட்கமாட்டார்களா? முதல் மாதம் கேட்பார்கள். அவர்களையும் அந்தக் கால்மணிக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.