விடிந்தபின் ஊதச் சொல்வது சோதனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் மாதேஸ்வரன் மலையிலிருந்து கொள்ளேகால் திரும்பும் வழியில் ஒரு கார் மோதி என் தங்கை மகனுக்குக் கால் முறிந்தது. அப்போது இரவு ஒன்பது மணி. காரை ஓட்டியவர் நிற்க முடியாமல் தள்ளாடியதை அங்கே கூடிய எல்லோரும் பார்த்தார்கள். அவரை ஊதச் சொல்லுங்கள் என்று வந்த போலீஸாரிடம் கெஞ்சினோம். "மிஷின் இல்லை, காலையில் பார்க்கலாம்" என்றார்கள். காலையில் ஊதினார், ஒன்றும் காட்டவில்லை. இப்போது கவனக்குறைவாக ஓட்டினார் என்று மட்டும் வழக்கு!

எப்படிக் காட்டும்? ரத்தத்தில் ஏறிய மதுவின் அளவு, 100 மில்லி ரத்தத்துக்கு, மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும் என்பது மருத்துவம் அறிந்த கணக்கு. சட்டம் விதித்த வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதைப்போல் மூன்று மடங்கு குடித்தவரும் நாலு மணி நேரத்தில் வரம்புக்குள் வந்துவிடுவார். வாடை அடித்தது என்று நாங்கள் சாட்சி சொல்லியும் பயனில்லை. வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. சோதனை தவறினால் குடித்து ஓட்டிய வழக்கே இல்லை.

மிஷின் இல்லையென்றால் ஆஸ்பத்திரியும் இல்லையா? விபத்து நடந்தால் அங்கேயே ஊதச் சொல்ல மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு போலீஸாருக்கு அதிகாரம் தருகிறது. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. புனேயில் 2024 மே 19 அதிகாலை இருவரைக் கொன்ற கார் விபத்திலும், ஓட்டிய சிறுவனின் ரத்தத்தைப் பல மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள். அதையும் மாற்றிவைத்தார்கள் என்று பிறகு வழக்கானது. நாடே கொதித்ததே, அதற்குப் பிறகும் புத்தி வரவில்லையா?

"குடி என்று எழுதினால் அடிபட்டவனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது" என்று எங்களுக்கே புத்தி சொன்னார் ஒருவர். இது சுத்தப் பொய். ஓட்டியவர் குடித்திருந்தாலும் அடிபட்டவருக்கு முதலில் நிறுவனம் பணம் தர வேண்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது 2019-இல் கடுமையாக்கிய சட்டம். சோதிக்காத குற்றத்துக்கு எந்தத் தண்டனை இருந்தென்ன? விபத்து நடந்த நேரத்தையும் சோதித்த நேரத்தையும் முதல் தகவல் அறிக்கையிலேயே எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் தாண்டினால் பொறுப்பான அதிகாரியிடம் விளக்கம் கேட்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதை உடனே உத்தரவாகப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொள்ளேகால்.