மீனைத் திருப்பி விடுறவனும் மணலை அள்ளுறவனும்

போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போனார். மிச்சிகன் மாநிலத்துல ஓ சேபிள் ஆறு. இலையெல்லாம் சிவந்து உதிர்ற சீசன், விரல் விறைக்கிற குளிர். ரப்பர் உடுப்பு மாட்டிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நின்னோம். தூண்டில்ல புழு கிடையாது. இறகையும் நூலையும் வெச்சு ஈ மாதிரியே கட்டின முள். நாள் முழுக்க வீசினதுல எனக்கு மாட்டினது ஒரே ஒரு டிரௌட். ஜாண் நீளம், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. நான் ஆசையா பையைத் தேடினா, நண்பர் ஈரக்கையால வாங்கி, முள்ளைக் கழட்டித் தண்ணியில விட்டுட்டார்! அந்தப் பகுதியில பிடிச்ச மீனை எடுத்துட்டுப் போகச் சட்டம் விடாதாம்.

பிடிச்சுத் திருப்பி விடறதுக்கு ஒரு லைசென்ஸ் வேற, கிறுக்குப் பசங்கன்னு நினைச்சேன். ராத்திரி சித்தூருக்குப் போன் பண்ற வரைக்கும்.

"நீவா ஆத்துல தண்ணி வருதாப்பா?"

"முதல்ல மணல் இருக்குதான்னு கேளுடா" என்றார் அப்பா.

'அங்க பனி கொட்டுது, நம்மது வறண்ட சீமை'ன்னு உடனே ஒருத்தர் கிளம்புவார். ஐயா, அந்த ஆத்தோட பிரெஞ்சுப் பேருலயே மணல்தான் இருக்கு. அந்தப் பக்கம் முழுக்க மணல் பூமி. மழையையும் பனியையும் குடிச்சு வெச்சுக்கிட்டு, வருஷம் பூரா ஊத்தாக் கசியுது. நம்ம நீவாவும் சுவர்ணமுகியும் மணலை நம்பின ஆறுங்கதான். ஐப்பசி, கார்த்திகையில மேல ஓடும். மிச்ச மாசம் மணலுக்கடியில இருக்கும். சின்ன வயசுல முழங்கை ஆழம் தோண்டினா ஊத்துத் தண்ணி. துண்டு விரிச்சுக் கெண்டைக்குஞ்சு பிடிச்சிருக்கோம்.

2021 நவம்பர்ல சுவர்ணமுகி கரை புரண்டு ஓடிச்சு, திருப்பதித் தெருவெல்லாம் வெள்ளம். வந்த வேகத்துல கடலுக்கும் போச்சு. பிடிச்சு வைக்க வேண்டிய மணல்தான் லாரி ஏறிடுச்சே!

வெள்ளைக்காரன் யோக்கியன்னு சொல்ல வரல. இதே ஆத்துல கிரேலிங்னு ஒரு மீன் இருந்தது. காட்டை வெட்டி, கட்டையை ஆத்துல உருட்டி, அளவில்லாமப் பிடிச்சு, 1930-கள்ல மாநிலத்துலயே இல்லாமப் பண்ணினான். நான் பிடிச்ச டிரௌட்டே ஐரோப்பாவுல இருந்து 1880-கள்ல கொண்டு வந்த இனம். ஆனா அப்புறம் புத்தி வந்தது. 1959-ல தூண்டில் போடறவங்களே இந்த ஆத்தங்கரையில கூடி 'டிரௌட் அன்லிமிடெட்'னு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆத்துல கால் வைக்கிறவனுக்குத்தானே ஆறு தேயறது தெரியும்?

நாம பொன்முகம்னு பேர் வெச்சு, காளஹஸ்தியில கரையோரக் கோயில்ல கும்பிட்டுட்டு வந்துடறோம். நீர், நிலம், மரம் காக்க ஆந்திராவுல 2002-லயே வால்டா சட்டம் வந்தாச்சு. 2024-ல இலவச மணல் திட்டமும் வந்தாச்சு. யாருக்கு இலவசம்? எங்க கிணறு வத்தி, போர் போட்டு, அதுவும் வெறும் காத்துதான் ஊதுது. அந்தச் செலவு எந்தக் கணக்குல?

'அமெரிக்காவுல உக்காந்து பேசறது சுலபம்'னு திட்டுவீங்க. திட்டுங்க, தகும். எங்க வீட்டு மாடி எழும்பினதும் என் டாலர்ல வாங்கின ஆத்து மணல்லதான். அன்னிக்கு நான் ஒரு வார்த்தை கேக்கல.

அடுத்த தடவை ஊருக்குப் போனா, சாமி கும்பிட்டதோட திரும்பாம ஆத்துல இறங்குங்க. முழங்கை ஆழம் தோண்டிப் பாருங்க. தண்ணி வந்தா சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்.