கேரவனுக்குப் பூங்கா, பாசிமணிக்குப் பிளாட்பாரம்

ஐப்பசி கடைசி வாரம். கார்த்திகை பிறக்க இன்னும் ஏழெட்டு நாள்தான் இருந்தது. வடுகபட்டி பூண்டுச் சந்தையில் நல்ல கூட்டம். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து இறங்கிய மலைப்பூண்டு மூட்டைகள் ஒரு பக்கம், வடமாநிலப் பூண்டு இன்னொரு பக்கம். நம் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணில் விளைந்தது என்று அரசே முத்திரை குத்திக் கொடுத்தது. பூண்டுக்கு முகவரி கிடைத்த கதையை இந்தப் பக்கம் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்.

அதே சந்தையின் ஓரத்தில் சாக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் துணி விரித்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். துளசி மணி, ருத்திராட்சம், ஸ்படிகம், கறுப்புக் கயிறு. ஐயப்ப சீசனுக்காகக் கோத்தவை. கைகள் நிற்கவே இல்லை. ஒரு மணி, ஒரு முடிச்சு, ஒரு மணி, ஒரு முடிச்சு. நரிக்குறவர் சமூகத்தவர். வேலை விஷயமாக இரண்டு வருடமாகப் பழக்கம்.

"வருசத்துல வீட்டுல எத்தன நாள்மா இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"மழ பேஞ்சா போவோம் சாமி. ஓட்டுப் போடப் போவோம். செத்தா தூக்கிட்டுப் போவாங்க."

என் அம்மா வயது அவருக்கு. என்னை "சாமி" என்கிறார். பதினைந்து வயதுப் பையனையும் "சாமி" என்கிறார். பதிலுக்கு அந்தப் பையன் "ஏய், இது எவ்வளவு?" என்கிறான். இரண்டு சொல்லில் மொத்தச் சமூகவியலும் அடங்கிவிடுகிறது. இதைப் படிக்கத்தான் நான் முதுகலை வரை போனேன்.

அன்று இரவு கல்லூரித் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பினாள். ஐடி வேலையில் இருப்பவள். வேலையை விட்டுவிட்டு, வண்டியையே வீடாக்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கண்காட்சிகளில் கைவினைப் பொருள் விற்று வாழும் வெளிநாட்டுத் தம்பதியைப் பற்றியது. அந்த வாழ்க்கைக்குள் எப்படி மெல்ல மெல்ல இறங்குவது என்று யோசனைகள். முதலில் வார இறுதி மட்டும் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு மாதம். வீட்டை உடனே விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள். கடிதம் வந்து சேர ஒரு நிரந்தர முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கீழே தோழியின் வரி: "இதுதாண்டி சுதந்திரம்!"

அவளைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. அலுவலகத்தில் கசக்கிப் பிழிகிறார்கள், அவளுக்கும் மூச்சு வேண்டும். ஆனால் அன்று காலை நான் பார்த்ததும் அதே வாழ்க்கைதானே? வருடம் முழுக்கப் பயணம். கையால் செய்த பொருள். கூட்டம் கூடும் இடம் பார்த்துக் கடை. கார்த்திகை, மார்கழியில் குமுளிச் சாலை. தையில் பழனி. சித்திரையில் மதுரை, அது முடிந்ததும் வீரபாண்டி. ஆடியில் குச்சனூர். தேனி மாவட்டத்துத் திருவிழா நாட்காட்டியை எந்தப் பஞ்சாங்கத்தையும்விடத் துல்லியமாக அந்த அம்மா சொல்லுவார். மூன்று தலைமுறையாக முழுநேரம். இதை நாம் யாரும் சுதந்திரம் என்று சொன்னதில்லை. 'நாடோடி' என்று சொன்னோம். 'ஒரு இடத்துல நிக்காதுக' என்று சொன்னோம்.

இந்த வித்தியாசத்தை வண்டியில் தேடாதீர்கள். பின்னால் விட்டுவந்த வீட்டில் தேடுங்கள். மெல்ல இறங்குவதற்கு முதலில் ஒரு படி வேண்டும், திரும்பி ஏறவும் அதே படி வேண்டும். பட்டா நிலம், வங்கிக் கணக்கு, 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று சொல்லும் ஒரு தெரு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படி. அதை வைத்திருப்பவர் கிளம்பினால் பயணி. இல்லாதவர் கிளம்பினால் சந்தேகத்துக்கு உரியவர்.

அரசுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வடுகபட்டியிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டிப் போனால் வாகமன். கேரள அரசு 2021-இல் 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாக் கொள்கை அறிவித்தது. மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் வாகமனில்தான் திறக்கப்பட்டது. வண்டிக்குள்ளேயே படுக்கை, சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை. நிறுத்தும் இடத்தில் தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு. கேரவன் வாங்கும் முதல் நூறு பேருக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இதில் எது குறைவோ அது மானியம். தமிழ்நாடும் சும்மா இல்லை. 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஆக, சக்கரத்தின் மேல் வாழ்கிறவருக்குத் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், இரவில் பயமில்லாமல் தூங்க இடம் வேண்டும் என்பது அரசுக்குப் புரியாத விஷயம் இல்லை. புரிந்திருக்கிறது. மானியமே கொடுக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

திருவிழாத் திடலுக்கு வாருங்கள். இந்தப் பக்கத்துத் திருவிழா ஒன்றில் ஐந்து ராத்திரி நான் இருந்தேன், ஆய்வுக்காக. கடை போடும் உரிமை ஏலத்தில் போகிறது. ஏலம் எடுத்தவர் அடி கணக்கில் தரை வாடகை வசூலிக்கிறார். ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் பந்தல், மின்சார இணைப்பு, ரசீது. பாசிமணி விற்பவருக்கு ரசீது கிடையாது, வசூல் மட்டும் உண்டு. காலையில் ஒருவர், சாயங்காலம் இன்னொருவர். 'பணம் கொடுத்தோம்' என்றால் 'சீட்டு எங்கே?' என்பார். பெண்கள் விடிவதற்கு முன் மூன்று மணிக்கு ஆற்றங்கரைக்கு ஒதுங்கப் போகிறார்கள். நடமாடும் கழிப்பறை வண்டி நிற்கிறது, ஆனால் அங்கே இருப்பவர் இவர்களை விடுவதில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் கடையைச் சுருட்டி அங்கேயே படுத்தால் லத்தி வந்து தட்டுகிறது. எங்கேயோ ஒரு செயின் காணாமல் போனால் முதலில் அவிழ்க்கப்படுவது இவர்கள் மூட்டைதான். அந்த ஐந்து நாளில் இரண்டு முறை அவிழ்த்தார்கள். உள்ளே மணிதான் இருந்தது. சிதறியதை அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளையும் நானும் டார்ச் வெளிச்சத்தில் பொறுக்கினோம்.

இந்த மூட்டை அவிழ்ப்புக்கு வயது அதிகம். வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஊர் விட்டு ஊர் போவதே அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றத்துக்கு முன்னோட்டம். நம் பக்கத்தில் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அஞ்சலி செலுத்தும் மண் இது. மரியாதைக்குரியது. ஆனால் அதே மண்ணில்தான் இன்று பாசிமணிக்காரர் மந்தையில் ஒரு ராத்திரி தங்கினால் 'சீட்டு இருக்கா, ஆதார் இருக்கா' என்று கேட்கிறோம். ராதாரிச் சீட்டைக் கேட்ட வாய் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

சட்டம் 1952-இல் நாடு முழுக்க நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'அலைந்து திரியும் குலத்தவர்' என்ற கண்ணோட்டம் சில மாநிலச் சிறை விதிகளில் உட்கார்ந்திருந்தது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சிறையில் சாதி பார்க்கும் விதிகளை ரத்து செய்தபோதுதான் அதற்கும் அடி விழுந்தது. எழுபது வருடம்! இது இந்தியாவின் தனி நோய் என்றும் நினைக்க வேண்டாம். விடுமுறைக்குக் கேரவனில் போவது இங்கிலாந்தில் பெரிய கலாச்சாரம். அந்த நாட்டில்தான் 2022-இல் ஒரு காவல்துறைச் சட்டம் வந்தது. அனுமதியில்லாத இடத்தில் வண்டி நிறுத்தி வசிப்பவரைக் கைது செய்யலாம், அவர் வீடாக இருக்கும் அந்த வண்டியையே பறிமுதல் செய்யலாம். குறிவைக்கப்பட்டவர்கள் ஜிப்சிகளும் டிராவலர் மக்களும். அந்த ரோமா ஜிப்சிகளின் மூதாதையர் இந்தியாவிலிருந்து போனவர்கள். நம் நரிக்குறவர் வீட்டுக்குள் பேசும் வாக்ரிபோலியும் அவர்கள் மொழியும் ஒரே இந்தோ-ஆரியக் குடும்பம். எங்கே போனாலும் வண்டியைப் பார்ப்பதில்லை, வண்டிக்குள் இருக்கும் ஆளைத்தான் பார்க்கிறார்கள்.

"இப்போதுதான் எஸ்.டி. ஆக்கிவிட்டார்களே, இன்னும் என்ன?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். 1965-இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் 'நரிக்கொரவன், குருவிக்காரன்' சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. ஐம்பத்தேழு வருடக் காத்திருப்பு. சரி, கிடைத்தது. இப்போது அந்தச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பழங்குடியினர் சான்றிதழை கோட்டாட்சியர் நிலையில் கொடுக்க வேண்டும். கள விசாரணைக்கு ஆள் வரும்போது குடும்பம் ஊரில் இருக்க வேண்டும். அவர் வருகிற நாளில் இவர்கள் பழனியில் இருப்பார்கள். 'ஆள் இல்லை' என்று எழுதிப் போய்விடுவார். நான் கூட இருந்து நிரப்பிய ஒரு விண்ணப்பம் இப்படி மூன்று முறை திரும்பியது. நிலையாக இல்லாதவர்கள் என்பதற்காகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, நிலையாக இல்லை என்பதற்காகவே சான்றிதழை மறுக்கிறோம்.

அவமானங்களைப் பட்டியல் போட இங்கே இடம் இல்லை. 2021-இல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானத்தில் உட்கார விடாமல் எழுப்பினார்கள். அதே வருடம் டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு குடும்பத்தை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2023 மார்ச்சில் சென்னையில் டிக்கெட் கையில் இருந்தும் தியேட்டருக்குள் விட மறுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வீடியோ வந்தது, நடவடிக்கை வந்தது. வீடியோ வராத நாட்கள்தான் அதிகம்.

தலித் உரிமை பேசும் இடத்தில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றும். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் தெருவிலும் அவர்களுக்குத் தனிக் குவளைதான் இருந்தது. என் பாட்டி தண்ணீரை உயர்த்தி ஊற்றுவார், அந்த அம்மாக்கள் கைகளைக் குவித்துக் குடிப்பார்கள். டீக்கடையில் நமக்குத் தனிக் கிளாஸ் வைத்தவர்களை எதிர்த்து ஊர்வலம் போன அதே வீடு. படிநிலைச் சாதி என்று அம்பேத்கர் விளக்கியதை மேடையில் பேசுவது சுலபம். பாட்டி கையில் இருந்த சொம்பில் அதைப் பார்ப்பது கஷ்டம்.

முற்போக்கு நண்பர்கள் இன்னொன்று சொல்வார்கள்: "ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் தங்கினால் பிள்ளைகள் படிக்குமே." அக்கறைதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போனது, மணி மட்டும் மிஞ்சியது. மணி வாங்குகிறவர் திருவிழாவில் இருக்கிறார், காலனி வீட்டு வாசலில் இல்லை. தங்கு என்றால் எதைத் தின்று தங்குவது? வீடும் வேண்டும், போய்வரும் உரிமையும் வேண்டும். தோழி அனுப்பிய கட்டுரையில் அந்தத் தம்பதிக்கு இரண்டும் இருந்தது. யாரும் அவர்களிடம் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்புக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம், புலம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சியின் கடமை என்கிறது. சீசன் மாதங்களுக்கு விடுதி கொடுங்கள், மணி கோக்கும் பிள்ளை பள்ளிக்குப் போகும். ரேஷன் அட்டையை எந்த ஊர்க் கடையிலும் காட்டலாம் என்று 2020-இல் கொண்டுவந்தீர்களே. அரிசி அந்தக் குடும்பத்தோடு நகர முடியும் என்றால் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு ஏன் நகரக் கூடாது?

2014 தெரு வியாபாரிகள் சட்டம் இடம் விட்டு இடம் போய் விற்பவரையும் தெரு வியாபாரி என்றே சொல்கிறது. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, அதுவரை அப்புறப்படுத்தாமல் இருக்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. வடுகபட்டியும் பேரூராட்சிதான், சட்டம் இங்கேயும் பொருந்தும். அதேபோல் ஒன்றிய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை. அது இருந்தால்தான் தில்லி ஹாட் போன்ற இடங்களில் கடை கிடைக்கும். மண்பாண்டமும் பஞ்சலோகமும் கலை என்றால், பார்க்காமலே விரலால் எண்ணி நூற்றெட்டு மணி கோப்பது என்ன, பிழைப்பு மட்டுமா?

இந்தச் சித்திரைக்கு முன் தேனி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கப்போவது இவ்வளவுதான். வீரபாண்டி, குச்சனூர் திருவிழாக்களிலும் ஐயப்ப சீசனில் குமுளிச் சாலையிலும் பாசிமணி வியாபாரிகளுக்கு ஏலத்துக்கு வெளியே தரை ஒதுக்க வேண்டும். அங்கே தண்ணீர்க் குழாய், விளக்கு, பெண்களுக்குப் பூட்டுப் போட்ட கழிப்பறை, இரவில் படுக்கக் கூரை வேண்டும். சான்றிதழ் விசாரணைக்கு அதிகாரி அந்தத் திடலுக்கே வர வேண்டும். ஒரு கேரவனுக்குக் கொடுக்கும் மானியத்தைவிட இதற்குக் குறைவாகத்தான் ஆகும்.

மனு எழுதிவிட்டோம். வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கிறோம். தேனிப் பக்கம் இருப்பவர்கள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். சந்தையில் பார்த்த அந்த அம்மா வர முடியாது, அதற்குள் குமுளிச் சாலைக்கு ஏறிவிடுவார். ரேகை வைக்க மாட்டேன், கையெழுத்துதான் போடுவேன் என்று சொல்லி, மூன்று எழுத்தை நிதானமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.