ரிப்போர்ட் நார்மல், ஆனா முடியல... இதுல யார் நோயாளி?

“எல்லாமே நார்மல்தான், கவலைப்படாதீங்க.” மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் இப்படிச் சொல்லி அனுப்பிய பிறகும், காலையில் எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு அசதி. இது ஒருவர். அவருக்குப் பக்கத்து சீட்டில் இன்னொருவர். வாரம் ஐந்து நாள் ஜிம், நல்ல தூக்கம், ஒரு குறையும் இல்லை. ஆபீஸ் ஹெல்த் கேம்ப்பில் சும்மா பார்த்தால் பி.பி. 150/100. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தும் இறங்கவில்லை.

இந்த இருவரில் யாருக்கு உடம்பு சரியில்லை?

பி.எஸ்சி. நர்ஸிங் மாணவர்கள் முதலாண்டில் சந்திக்கும் கேள்வி இது. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில், ஊசி போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஆரோக்கியம் என்றால் என்ன, நோய் என்றால் என்ன என்ற பாடம் வந்துவிடுகிறது. கொஞ்சம் போரடிக்கும் பாடம் மாதிரித் தெரியும். ஆனால் உங்கள் லீவு, மருத்துவச் செலவு, உங்கள் பேச்சை மற்றவர்கள் நம்புகிறார்களா என்பது வரை எல்லாமே இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நோய் வேற, முடியாமை வேற

ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் ‘டிசீஸ்’, ‘இல்னஸ்’ என்று இரண்டாகப் பிரிக்கின்றன. முதலாவது, பரிசோதனையில் தெரியும் உடல் கோளாறு. இரண்டாவது, அந்த ஆள் அனுபவிக்கும் கஷ்டம். நம் வீடுகளில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. “பாட்டிக்கு சுகர் இருக்கு” என்பது வேறு, “பாட்டிக்கு ரெண்டு நாளா முடியல” என்பது வேறு. பாட்டிக்கு சுகர் இருபது வருஷமாக இருக்கலாம், நன்றாக நடமாடிக்கொண்டும் இருக்கலாம்.

முதல் வகை, அதாவது ‘இருக்கு’ என்று சொல்லப்படுவது, நாம் நினைக்கும் அளவுக்குக் கல்லில் செதுக்கியதும் அல்ல. 2017 நவம்பரில் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-லிருந்து 130/80 ஆகக் குறைத்தன. அதுவரை அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதமாக இருந்த கணக்கு 46 சதவீதமாக ஏறியது. யார் உடம்பிலும் அன்று எதுவும் மாறவில்லை. கோடுதான் நகர்ந்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை முன்பே பிடிக்கலாம் என்பது அதற்கான நியாயம். அதில் அர்த்தம் இருக்கிறது. அதனால் ஜிம் நண்பர் “எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலயே” என்று அந்த 150/100-ஐ ஒதுக்கிவிட முடியாது.

எதிர்ப்பக்க உதாரணம் லாங் கோவிட். கொரோனா நெகட்டிவ் ஆன பிறகும் மாதக்கணக்கில் அசதி, மூச்சுத்திணறல், மறதி என்று பலர் சொன்னார்கள். டெஸ்ட்டில் பெரிதாக எதுவும் சிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பெயரையே 2020 மே மாதம் ட்விட்டரில் முதலில் பயன்படுத்தியவர், தானே பாதிக்கப்பட்ட இத்தாலிய ஆய்வாளர் எலிசா பெரேகோ. உலக சுகாதார அமைப்பு அதற்கு மருத்துவ வரையறை வெளியிட்டது 2021 அக்டோபரில். நடுவில் போன சுமார் ஒன்றரை வருஷம், ‘எல்லாம் மனசுதான்’ என்று கேட்டே பலருக்குக் கழிந்தது.

அப்போ ‘வெல்னஸ்’?

உலக சுகாதார அமைப்பின் 1948 சாசனப்படி, நோய் இல்லாதது மட்டுமே ஆரோக்கியம் ஆகாது. உடல், மனம், சமூகம் என மூன்றிலும் முழு நலம் வேண்டும். அந்த ‘முழு’தான் சிக்கல். அப்படிப் பார்த்தால் இஎம்ஐ கட்டும் யாருமே ஆரோக்கியமானவர் இல்லை! 2011-ல் மக்டெல்ட் ஹ்யூபர் குழுவினர் பி.எம்.ஜே. இதழில் வேறொரு யோசனை வைத்தார்கள். வரும் சிக்கலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு சமாளிக்கும் திறனே ஆரோக்கியம் என்றார்கள். இதன்படி, சுகர் இருந்தும் வாழ்க்கையைச் சமாளிக்கும் பாட்டி ஆரோக்கியமானவர்தான். ‘வெல்னஸ்’ என்ற சொல்லைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் ஹால்பெர்ட் டன் 1950-களில் பேசியதும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான்: தன்னால் முடிந்த உயரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பது. ஹெச்.ஆர். மெயிலில் வரும் யோகா கூப்பனுக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

நர்ஸ் எழுதும் டயக்னோசிஸ்

டாக்டர் ‘பக்கவாதம்’ என்று எழுதுவார். நர்ஸும் தனியாக ஒரு டயக்னோசிஸ் எழுதுவார்: தானே திரும்பிப் படுக்க முடியவில்லை, படுக்கைப்புண் வரும் அபாயம், பார்த்துக்கொள்ளும் மனைவிக்குச் சோர்வு. அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1980-லேயே, நோய்க்கு மனிதர் எப்படி எதிர்வினை ஆற்றுகிறார் என்பதைக் கவனிப்பதுதான் நர்ஸிங் என்று வகுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தையும் இப்படிப் பார்க்கலாம். பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவதுதான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் நோய் ஆதரவு சிகிச்சை தரும் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போவதும் அதே திட்டம்தான். அங்கே நோய் மாறப்போவதில்லை. முடியாமை கொஞ்சம் குறையும்.

ஆபீஸ் எதை நம்பும்?

சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் 1951-ல் சொன்ன கணக்கு இது: நோயாளி என்று ஏற்கப்பட்டால் வேலையிலிருந்து விலக்கு கிடைக்கும், பதிலுக்கு அவர் சிகிச்சை எடுத்துக் குணமாக முயல வேண்டும். அந்த ஏற்பு நடைமுறையில் சர்டிபிகேட்டாக வருகிறது. ஈ.எஸ்.ஐ.-யில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. அதற்கும் மருத்துவச் சான்று வேண்டும். ரிப்போர்ட் நார்மலாக வந்த நம் முதல் நண்பர் சிக்குவது இங்கேதான்.

அவர் அடுத்த முறை டாக்டரிடம் “டயர்டா இருக்கு” என்பதோடு நிறுத்தாமல், “மூணு மாசம் முன்னாடி மூணு மாடி ஏறுவேன், இப்ப ஒண்ணுலயே உட்கார வேண்டியிருக்கு” என்று சொல்லிப் பார்க்கலாம். நர்ஸிங் குறிப்பேட்டில் ரத்தப் பரிசோதனை எண்களுக்கு ஒரு இடம் என்றால், நோயாளி வாயால் சொன்ன இந்த மாதிரி வாக்கியத்துக்கும் தனியாக ஒரு இடம் இருக்கிறது.